எஸ்தர் ஓடவில்லை

தம்பானூர் பேருந்து நிலையத்துக்கு வெளியே ஒரு ஆள் சுவரில் மைதாப் பசை தடவிக்கொண்டிருந்தார். நான் கழக்கூட்டம் போகும் பேருந்துக்காக நின்றபடி கைப்பேசியில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கோ ஒரு நடைப்போட்டியில் ஒரு பெண் ‘நடப்பதுபோல் நடித்து ஓடியதால்’ நீக்கப்பட்டாராம். நடித்து! அந்தச் சொல்லும் பசையின் புளித்த வாடையும் சேர்ந்தே வந்தன. போனக்காட்டில் ஒரு வீட்டுச் சுவர் கண்முன் வந்து நின்றது. என் பேருந்தும் வந்து நின்றது, நான் ஏறவில்லை. ஆறு வருடம் ஆனால் என்ன, எஸ்தரைப் பற்றி வந்த அந்தச் செய்தியைத் திருத்த வைத்தே தீருவது என்று அங்கேதான் தோன்றியது.

அலுவலகத்துக்கு முக்கால் மணி நேரம் தாமதம். கோபத்துக்கு விடுப்பு எழுதிக்கொடுக்க இடமில்லை.

கிரிக்கெட்டில் பந்து மட்டையில் பட்டதா காலில் பட்டதா என்று அரை நாள் விவாதிக்கிறார்கள். புல்லின் உயரம், பந்தின் தையல், ஆட்டக்காரரின் மச்சான் கல்யாணம் வரை எழுதுகிறார்கள். தடகளம் என்றால் மட்டும் எதை வேண்டுமானாலும் எழுதலாம். குண்டு எறிபவளின் படத்துக்குக் கீழே வட்டு என்று போடலாம். ஏழு போட்டிகளின் புள்ளிகளைக் கூட்டி வெற்றியாளரை முடிவு செய்வதை, ஏழு பேர் ஓடும் பந்தயம் என்று எழுதிய மகானை நான் படித்திருக்கிறேன். முதுகுக்குப் பின்னால் காற்று பலமாக அடித்ததால் ஒரு நீளத் தாண்டல் சாதனைக் கணக்கில் வரவில்லை என்றால், ‘சதியா?’ என்று கேள்விக்குறி போட்டுவிடுவார்கள். கேட்க ஆளில்லை. கேட்கத் தெரிந்தவர்கள் எல்லாரும் ஓடிக்கொண்டிருக்கிறோம்.

‘ஓடிக்கொண்டிருக்கிறோம்’ என்று என்னையும் சேர்த்துச் சொன்னது அதிகம். நான் நடந்தவள். அதுவும் கடைசியாக நடந்தவள். மூவாயிரம் மீட்டர் என்றால் மைதானத்தை ஏழரைச் சுற்று. முதலில் வருபவள் முடிக்கும்போது எனக்கு இன்னும் ஒரு முழுச் சுற்று பாக்கி இருக்கும். ஒருமுறை எஸ்தர் என்னைச் சுற்றில் தாண்டுவதற்குச் சற்று முன் யாரோ படம் எடுத்துவிட்டார்கள். மறுநாள் பேப்பரில் நான் முன்னால், எஸ்தர் பின்னால். கீழே, ‘முன்னிலையில்’ என்று என் பெயர். விடுதியில் அதை நான்கு நாள் எல்லாரிடமும் காட்டிக்கொண்டு திரிந்தேன். எஸ்தர் விழுந்து விழுந்து சிரித்தாள்.

“ஏட்டி, அடுத்த தடவ இன்னும் மெதுவா நட. உலக சாம்பியன்னு போட்டுருவான்.”

அந்தத் தவறைத் திருத்தச் சொல்லி நான் யாருக்கும் எழுதவில்லை. அதையும் இங்கே சொல்லிவிடுவதுதான் நியாயம்.

எஸ்தர் போனக்காடு தேயிலைத் தோட்டத்துக்காரி. அவள் தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து மலையேறிய குடும்பம். அம்மா கொழுந்து பறிப்பவர். நகரத்துப் பள்ளியில் விளையாட்டு விடுதியில் இடம் கிடைத்து வந்தவள். நாஞ்சில் நாட்டுத் தமிழ் பேசும் நானும் தோட்டத்துத் தமிழ் பேசும் அவளும் மலையாளத்தில் சண்டை போட்டு, தமிழில் சமாதானம் ஆவோம். அவள் நடப்பதைப் பார்க்க வேண்டும். இடுப்பு இடமும் வலமும் மாறும், தோள் அசையாது, தலையில் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்தாலும் சிந்தாது. பார்த்துச் சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். ‘தாறாவு’ என்று பின்னால் கத்துவார்கள், வாத்து என்று. எஸ்தர் திரும்பி நின்று, “வாத்து நீந்தவும் செய்யும், நீ?” என்று கேட்டுவிட்டு நடையைத் தொடர்வாள்.

நாங்கள் பதினொன்றாம் வகுப்பு படித்த வருடம் மாவட்டப் போட்டி. அப்போது அந்த மைதானம் வெறும் செம்மண். மழை விட்ட காலை, சுண்ணாம்புக் கோடு பாதி கரைந்திருந்தது. ஆறு சுற்று வரை எஸ்தர்தான் முதல்.

நடைப்போட்டியில் இரண்டே விதிதான். எப்போதும் ஒரு பாதமாவது தரையில் இருக்க வேண்டும். அதை விட்டால்தான் ஓட்டம். இரண்டாவது, முன்னே வைக்கும் கால் தரையைத் தொட்டதிலிருந்து உடம்பு அதற்கு மேலே வரும்வரை முட்டி மடங்கக் கூடாது. மூன்று நடுவர்கள் தனித்தனியாகத் தவறு கண்டு எழுதினால் தலைமை நடுவர் சிவப்பு மட்டையைக் காட்டுவார். வெளியே போக வேண்டும். யார், எந்தத் தவறு என்பதை ஓரத்தில் ஒரு பலகையில் எல்லாரும் பார்க்கும்படி எழுதுவார்கள். பாதம் விட்டதற்கு நெளிந்த கோடு. முட்டி மடங்கியதற்கு முட்டி மாதிரியே மடங்கிய கோடு.

பிறந்ததிலிருந்து மலைப்பாதையில் ஏறி இறங்கிய முட்டி எஸ்தருடையது. களைத்தால் மடங்கும். ஏழாவது சுற்றில் மடங்கியது. பலகையில் அவள் எண்ணுக்கு நேரே சாக்பீஸில் மூன்று மடங்கிய கோடுகள். நெளிந்த கோடு ஒன்றுகூட இல்லை. அதாவது அவள் ஓடவில்லை. ஒரு எட்டுகூட ஓடவில்லை. சிவப்பு மட்டையைப் பார்த்ததும் தலைமை நடுவருக்குத் தலையசைத்துவிட்டு, புல்லில் போய் உட்கார்ந்து ஷூ நாடாவை அவிழ்த்தாள். அவ்வளவுதான் நடந்தது.

மறுநாள் பேப்பரில் அவள் முகமும் சிவப்பு மட்டையும் அரைப் பக்கம் பெரிதாக. மேலே கொட்டை எழுத்தில்: ‘நடத்தத்தில் ஓட்டம், வித்யார்த்தினி பிடியில்.’ நடையில் ஓட்டமாம், மாணவி பிடிபட்டாளாம். திருடியைப் பிடித்த மாதிரி. இதில் என் வயிறு எரிவது எதற்குத் தெரியுமா? படத்தில் அவளுக்குப் பின்னால் அந்தப் பலகையும் விழுந்திருந்தது. மூன்று மடங்கிய கோடுகளும் பளிச்சென்று தெரிந்தன. செய்தியைப் பொய்யாக்கும் சாட்சியை அவர்களே அச்சடித்து வீடு வீடாகப் போட்டிருக்கிறார்கள்!

விடுதித் தொலைபேசியிலிருந்து அந்தப் பேப்பர் ஆபீஸைக் கூப்பிட்டேன். எடுத்தவர் பொறுமையாகத்தான் கேட்டார். கேட்டுவிட்டுச் சொன்னார்: “மோளே, நடக்கேண்டிடத்து ஓடியில்லே? பின்னே எந்தா தெற்று?” நடக்க வேண்டிய இடத்தில் ஓடினாள் அல்லவா, பிறகு என்ன தப்பு என்று. ஓடவில்லை, முட்டி மடங்கியது என்றேன். “ஓடும்போள் முட்டு மடங்கில்லே?” என்று சிரித்தார், ஓடினாலும் முட்டி மடங்கத்தானே செய்யும் என்று. பின்னணியில் யாரோ சாயா கேட்டார்கள். வைத்துவிட்டார்.

அடுத்த வாரக் கடைசியில் எஸ்தரோடு போனக்காட்டுக்குப் போனேன். விதுரையிலிருந்து பேருந்து வளைவு வளைவாக மலையேறியது. லயத்து வீட்டுக்குள், அதுதான் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு, நுழைந்ததும் இருவரும் நின்றுவிட்டோம். எதிர்ச்சுவரில் கஞ்சிப் பசை போட்டு, காலண்டருக்குப் பக்கத்தில், அந்தப் பேப்பர் ஒட்டியிருந்தது. எஸ்தரின் அம்மாவுக்கு மலையாளம் வாசிக்கத் தெரியாது. பேப்பரில் மகள் படம், பக்கத்தில் யாரோ பெரியவர் சிவப்பாக எதையோ நீட்டுகிறார். பரிசுதான் என்று நினைத்துவிட்டார்.

“புள்ள, நீ படிச்சவ. என்ன போட்ருக்கான்னு வாசி, கேப்பம்” என்றார். மாவு கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார்.

எஸ்தர் சட்டென்று பின்வாசல் வழியே போய்விட்டாள். நான் சுவரைப் பார்த்தேன். என் விரல் அந்த எழுத்துகளின்மேல் ஊர்ந்தது. வாய் வேறெதையோ வாசித்தது.

“ரெண்டாவதா வந்தான்னு போட்ருக்கு சித்தி. நல்ல நடைன்னு எழுதிருக்கான்.”

“ரெண்டாவதா!” என்றார். அந்த முகத்தை என்னால் எழுத முடியவில்லை.

விதிகளை அங்கேயே சொல்லியிருக்கலாம். முட்டி, மூன்று கோடு, ஏமாற்று இல்லை, அடுத்த வருடம் சரியாகிவிடும் என்று. ஐந்து நிமிடம் போதும். நான் அவசரக்காரி, பொய்தான் சீக்கிரம் வந்தது. அவர் மறுநாளே கொழுந்து நிறுக்கும் இடத்தில் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறார். பள்ளிக்கூடத்தில் மலையாளம் படித்த பையன்கள் சும்மா இருப்பார்களா? “ரெண்டாவதா? ஓடிப் பிடிபட்டதுல ரெண்டாவதா?” என்று தலைப்பை உரக்க வாசித்துக் காட்டிவிட்டார்கள். பேப்பர் அவரை ஒருமுறைதான் அவமானப்படுத்தப் பார்த்தது. நான் சேர்ந்ததால் இரண்டு முறை ஆயிற்று.

அன்றைக்கே அவர் அதைச் சுரண்டியிருக்கிறார். கஞ்சிப் பசை லேசில் விடாது. எஸ்தரின் படம் கிழிந்து வந்துவிட்டது, தலைப்பு மட்டும் சுவரிலேயே நின்றுவிட்டது. காலண்டரை நகர்த்தி அதன்மேல் மாட்டினார். எஸ்தர் அடுத்த பருவத்துக்கு விடுதிக்கு வரவில்லை.

மைதானத்தில் இப்போது அந்தச் செம்மண் இல்லை. சிவப்பு ரப்பர் தளம், மழைக்குக் கரையாத வெள்ளைக் கோடு. சாக்பீஸ் பலகையும் போய்விட்டது. ‘தாறாவு’ என்று கத்த ஆள் இருக்கிறார்கள், பதில் சொல்ல அவள் இல்லை. எஸ்தர் நெடுமங்காட்டில் ஒரு துணிக்கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டிருக்கிறாள்.

நேற்று அவளைக் கூப்பிட்டேன். விடுதியில் பத்திரப்படுத்திய என் பிரதி இருக்கிறது, பலகையைப் பெரிதாக்கி அச்செடுத்திருக்கிறேன், பேப்பர் ஆபீஸில் போய் உட்காரப் போகிறேன், அதே பக்கத்தில் அதே அளவில் திருத்தம் போடும்வரை எழுந்திருக்க மாட்டேன் என்று மூச்சு விடாமல் சொன்னேன். மறுமுனையில் யாரோ சேலைக்கு வேறு நிறம் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

“சொல்லி முடிச்சிட்டியா?” என்றாள் எஸ்தர். “எங்கம்மா இன்னும் கேக்குது, உன் சிநேகிதி ஏன் அப்படி வாசிச்சான்னு. பேப்பர்காரன் பெறவு இருக்கட்டும்.”

சனிக்கிழமை காலை முதல் பேருந்தில் போனக்காடு போகிறேன். காலண்டரை நகர்த்தச் சொல்லி, சுவரில் மிச்சமிருக்கும் தலைப்பை ஒவ்வொரு சொல்லாக, உள்ளது உள்ளபடி வாசிக்க வேண்டும். பிறகு அந்தப் பெரிய படத்தை விரித்து, மூன்று கோடுகளையும் அவர் விரலாலேயே தொடச் செய்து, ஒவ்வொன்றும் என்ன என்று சொல்ல வேண்டும். புரியாவிட்டால் அந்த லயத்து முற்றத்தில் நானே நடந்து காட்டுவேன். மெதுவாகத்தான் நடப்பேன், முட்டி மடங்காமல்.

பேப்பர் ஆபீஸ் திங்கட்கிழமை.