உத்திரத்தின் அடிப்பக்கம்

முத்து, செல்லம், இரண்டு பேரும் விளையாடிவிட்டு வந்து இதைச் சாவகாசமாகப் படியுங்கள். போன வாரம் விஞ்ஞானப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, "ஒளி நேராப் போகும்னு போட்டிருக்கே, அது எப்படிப்பா தெரியும்?" என்று கேட்டீர்களே. நான் ஓட்டுச் சந்தில் இறங்கிய வெயிலைக் காட்டி, "பாருங்க, கோல் ஊன்றின மாதிரி இல்ல?" என்று சொல்லிவிட்டுப் பாதியில் எழுந்து போனேன். எட்டாம் வகுப்போடு நின்றவனுக்கு அதற்கு மேல் தெரியவில்லை என்று நினைத்திருப்பீர்கள். அது பாதி உண்மை.

மீதிப் பாதி ஓர் ஆசாரியைப் பற்றியது. அவர் மரத்தின் முனையில் முகத்தை வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, நீளவாக்கில் பார்ப்பார். மயிரளவு கோணல் இருந்தாலும் சொல்லிவிடுவார். ஒளி நேராகப் போகும் என்று அவர் எங்கும் படித்ததில்லை. அதை நம்பிப் பிழைத்தார், அவ்வளவுதான்.

நான் அப்போது போடியில் ஓர் ஏலக்காய் மண்டியில் தராசு பிடித்துக்கொண்டிருந்தேன். சட்டையை எத்தனை தடவை வெளுத்தாலும் அந்த வாசம் போகாது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள், பாயசம் வைக்கிற வீட்டுக்கு வந்ததுபோல மூக்கை உறிஞ்சுவார்கள். தராசு முள் நடுவில் நிற்கும்போது நான் மூச்சை அடக்கிக்கொள்வேன், என் மூச்சுப்பட்டு வியாபாரம் கெட்டுவிடும் என்பதுபோல. அவ்வளவு கர்வம்.

சுருளிப்பட்டியில் உங்கள் பெரியப்பா வீடு கட்டியது அந்த நாளில்தான். வேங்கை மரத்தில் உத்திரம். நம் பக்கத்தில் உத்திரம் ஏற்றும்போது மரத்தின் அடிப்பக்கம் தெற்கேயும் நுனிப்பக்கம் வடக்கேயும் இருக்க வேண்டும். மாற்றி வைத்தால் வீட்டுக்கு ஆகாது என்பார்கள். சதுரமாகச் செதுக்கிய பிறகு அடி எது, நுனி எது என்று நம்மைப் போன்றவர்களுக்குத் தெரியாது. பெரியப்பா விருந்தாளிகளை அழைக்கக் கம்பம் போயிருந்தார். பெரியம்மா தாய் வீட்டில் இருந்தார். அங்கே நானும் ஆசாரியும் மரம் தூக்க வந்த நாலு ஆட்களும்தான்.

"கணுவப் பாருங்க தம்பி. கிளை மேல பாத்துத்தான வளரும்? கணு அங்கிட்டுச் சாஞ்சிருக்கு. அப்ப அது நுனி, இது அடி" என்று ஒரு முனையில் ஆசாரி செங்காவியால் வட்டம் போட்டார்.

"கணுவப் பாத்து ஜோசியமா சொல்றீக? எடை போட்டுருவோம். கனக்கிற பக்கம் அடி."

"எடை போட இது என்ன ஏலக்காயா தம்பி?"

நான் கேட்கவில்லை. புளியங்கிளையில் வடம் போட்டு, உத்திரத்தை நட்டநடுவில் கட்டித் தொங்கவிட்டோம். தராசுத் தண்டு மாதிரியே ஆடி நின்றது. வட்டம் போடாத முனை தாழ்ந்தது.

"அந்தத் தலை ரெண்டு மாசமா வாய்க்காத் தண்ணியில கெடந்துச்சு. இந்தத் தலை கரையில கெடந்து காஞ்சுச்சு. ஈரமும் கனக்கும்ல?" என்றார் ஆசாரி.

"எட்டு வருசமாத் தராசு பிடிக்கிறேன், எனக்கே எடை சொல்லித் தாரீகளா?"

தூக்க வந்தவர்களில் ஒருவன், "ஏலே, ஆசாரி மொகத்தப் பாரு, உளி மொக்கையான மாதிரி!" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு இனித்தது. என் துண்டாலேயே செங்காவி வட்டத்தைத் துடைத்தேன். மஞ்சள் துணியும் மாவிலையும் கட்டி, நான் சொன்னபடியே உத்திரம் ஏறியது.

மறு வருஷம் பெரியப்பாவுக்கு இருமல். மதுரையில் எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் அந்தப் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். விலா எலும்புகள் கூரையின் கைமரம்போல வரிசையாகத் தெரிந்தன, நடுவில் மூட்டமாக ஒரு கறை. "இது நாலஞ்சு வருஷமா இருக்கிற நோய்" என்றார். வீட்டுக்கு அப்போது வயது ஒன்றுதான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பெரியப்பாவை உத்திரம் கொல்லவில்லை.

அவர் இறந்த பதினாறாம் நாள், மரம் தெரிந்த சொந்தக்காரர் ஒருவர் அண்ணாந்து கணுவைப் பார்த்துவிட்டு, "என்னத்தா இது, அடி வடக்க கெடக்கு! தலைகீழால்ல வச்சிருக்கான் ஆசாரி!" என்றார். துக்கத்துக்கு வந்திருந்த ஆசாரி வாசலில் நின்றார்.

"பாவி, என் குடும்பத்தத் தலைகீழாக் கவுத்துட்டியே!" என்று பெரியம்மா மண்ணை வாரித் தூற்றினார்.

ஆசாரி என்னைப் பார்த்தார். அன்றைக்கு இரண்டு கண்ணாலும் பார்த்தார். நான் ஓட்டுச் சந்தில் இறங்கிய வெயிலையும் அதில் மிதந்த தூசியையும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை போதும். வரவில்லை. "வாரேன் ஆத்தா" என்று சொல்லி அவர் போய்விட்டார். அதன் பிறகு இங்கே யாரும் அவரை உத்திரம் வைக்கக் கூப்பிடவில்லை. மலைமேல் ஏதோ எஸ்டேட்டில் மரப்பெட்டி அடிக்கிறார் என்று கேள்விப்பட்டேன். போய்ப் பார்க்கலாம் பார்க்கலாம் என்றே வருஷங்கள் போயின.

நேற்று சுருளிப்பட்டி போய்வந்தேன். அந்த வீட்டின் கூரையைப் பிரிக்கிறார்கள், இனி இரும்பு கர்டர் போடுவார்களாம். புளியமரம் போய்விட்டது. மண்டியிலும் என் தராசு இல்லை, இரும்புப் பலகை வைத்த மெஷின்தான். இரண்டு ஆட்கள் உத்திரத்தை இறக்கித் தூக்கி வந்தார்கள். வடக்கு முனையை, அதாவது ஆசாரி வட்டம் போட்ட முனையைப் பிடித்தவன், "எம் பக்கம் என்னலே இந்தக் கனம் கனக்குது!" என்று முனகினான். ஈரமெல்லாம் காய்ந்து எத்தனை வருஷம்!

பெரியம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அந்த மனுசன் எங்கன இருக்காகளோ. இத எங்கிட்டச் சொல்லி என்ன கொழுந்தா செய்ய?"

அவர் உள்ளே போன பிறகு, வாசல்படிக்குப் பூச வைத்திருந்த செங்காவியைக் கொஞ்சம் குழைத்தேன். உத்திரத்தை அறுப்பு மில்லுக்கு ஏற்றிப்போக வண்டி இன்னும் வரவில்லை. கணு சாய்ந்த பக்கம் பார்த்து, அதற்கு எதிர்முனையில் குந்தி, ஆசாரி போட்ட இடத்திலேயே ஒரு வட்டம் போட்டேன். காயும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.