கண்மாய்க்குள் இரண்டு முட்டை

எங்கள் ஊரில் முத்தழகுவை அடங்காப்பிடாரி என்பார்கள். அவளுக்குப் பக்கத்து வயல்காரன் நான். என்னைக் கேட்டால், ஊருக்குத்தான் கண் சரியில்லை.

1967 ஆடியில் காய்ந்து கிடந்த கண்மாய்க்குள் ஒரு பறவை முட்டையிட்டிருந்தது. ஆள்காட்டிக் குருவி கண்மாய்க்குள் முட்டையிட்டால் அந்த வருசம் தண்ணீர் வராது என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. ஊர்ப் பெரியவர் அழகுசுந்தரம் அம்பலம் கூட்டம் போட்டு, யாரும் மழைக்கு முன்னால் புழுதியில் நெல் விதைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். முத்தழகுவிடம் இருந்தது ஒன்றரை ஏக்கர் வானம் பார்த்த பூமியும் அதற்கான விதைநெல்லும். விதைக்காவிட்டால் வயல் தரிசு. விதைத்து மழை பொய்த்தால் விதையும் போச்சு.

அவள் கண்மாய்க்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்து கூட்டத்தில் நின்றாள்.

"மாமா, அது ஆள்காட்டி இல்லை. கிட்டப் போயும் கத்தலை, குடுகுடுன்னு ஓடிப் போய் நிக்கிது. மூக்கோரம் மஞ்சச் சதை இல்லை. கண்ணுக்கு மேல வெள்ளைக் கோடு, நெஞ்சு செங்கல் நிறம். முட்டையும் ரெண்டுதான், ஆள்காட்டின்னா நாலு வைக்கும். இது கல்குருவி. அது எந்த வருசமும் பொட்டல்லதான் முட்டை வைக்கும்."

"ரெண்டும் ஒரே உசரம், ஒரே ஓட்டம். உனக்கு மட்டும் என்ன தனிக் கண்ணா?" என்றார் அம்பலம்.

"நீங்க கரையில நின்னு பாத்தீக. நான் உள்ள இறங்கிப் பாத்தேன்."

ஊரில் ஒருத்தரும் மாடு தரவில்லை. நானும் தரவில்லை, இப்போது நினைத்தால் வெட்கம்தான். அவள் பிறந்த ஊரான கொத்தமங்கலத்திலிருந்து ஏர் கொண்டுவந்து உழுது விதைத்தாள். புரட்டாசி முடியும்வரை ஒரு சொட்டு இல்லை. ஊர் சிரித்தது, புருசன் கருத்தையா பேச்சை நிறுத்தினான். அவள் தினமும் போய் வரப்பில் நின்றாள்.

ஐப்பசியில் கொட்டித் தீர்த்தது. கண்மாய் நிறைந்தது. அவள் வயல் முளைத்த பிறகுதான் நாங்கள் சேற்றில் இறங்கினோம். பருவம் தப்பி எங்களுக்கு வந்தது பாதி பதர்.

அடுத்த ஆடியிலும் அதே இடத்தில் முட்டை. இந்த முறை அம்பலமே அவள் வாசலுக்கு வந்தார்.

"ஆத்தா முத்தழகு, எந்தக் குருவின்னு ஒரு நடை பாத்துச் சொல்லு."

போனாள். பறவை தலைக்கு மேலே கத்திக்கொண்டே சுற்றியது. திரும்பி வந்து உள்ளதைச் சொன்னாள்.

"நாலு முட்டை. மஞ்சச் சதையும் இருக்கு. ஆள்காட்டியேதான் மாமா."

"அப்ப இந்த வருசம் விதைக்க வேணாங்கிறே?"

"நீங்க கேட்டது குருவி பேரு, சொல்லிட்டேன்" என்று விதைப்பெட்டியை எடுத்து இடுப்பில் வைத்தாள். "நான் விதைக்கத்தான் போறேன்."

அன்றைக்கு அவள் வயலுக்கு என் மாட்டை ஓட்டிக்கொண்டு போனேன்.