அம்மாவின் டோக்கனுக்கு என் எண்

எங்கள் அம்மா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அம்மாவைப் பற்றிப் புதிதாகச் சொல்ல அதிகமில்லை. சொல்ல வேண்டியது என்னைப் பற்றித்தான்.

வடுகபட்டியில் பிறந்த அம்மா, வருசநாட்டு மலையடி ஊர்களில் கிராம செவிலியராகப் பணிக்காலம் முழுவதும் நடந்தார்கள். அப்பா இளவயதிலேயே காலமாகிவிட, என்னைத் தனியாளாக வளர்த்தார்கள். கர்ப்பிணிகள் கூலியை விட்டு வர முடியாது என்று, கஞ்சி நேரத்தில் தோட்டத்துக்கே போய் ஊசி போடுவார்கள். எழுத்தறியாத பெரியவர் ஒருவருக்குக் காலை மாத்திரையை மஞ்சள் பையிலும் ராத்திரி மாத்திரையைச் சிவப்புப் பையிலும் கொடுத்து வந்தார்கள். அவருக்குக் கண் மங்கியதும் நிறத்தை விட்டுவிட்டு முடிச்சுப் போட்டுக் கொடுத்தார்கள். காலைக்கு ஒன்று, ராத்திரிக்கு இரண்டு. இதை யாரும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை.

நான் கோயம்புத்தூரில், மருத்துவமனைகளுக்குக் கைபேசி வழியாக டோக்கன் போடும் ஏற்பாட்டை வடிவமைக்கிறேன். அம்மா ரத்தக்கொதிப்புக்குப் பார்த்த மருத்துவமனைக்கும் எங்கள் ஏற்பாடுதான். அம்மாவிடம் இருந்தது பட்டன் போன். சிரமப்படுவார்கள் என்று என் எண்ணைப் பதிந்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் என் கைபேசிக்கு வரும் நான்கு இலக்க எண்ணை அம்மா என்னைக் கூப்பிட்டுக் கேட்டு அங்கே சொன்னால்தான் டோக்கன். ஒருநாள் எரிச்சலில், “மீட்டிங்ல இருக்கும்போது கூப்பிடாதீங்கம்மா” என்றேன்.

“சரிய்யா” என்றார்கள்.

பிறகு ஒரு திங்கட்கிழமை காலை அந்த நான்கு இலக்கம் வந்தது. தேவைப்பட்டால் கூப்பிடுவார்கள் என்று இருந்துவிட்டேன். கூப்பிடவில்லை. கூடப் போயிருந்த பக்கத்து வீட்டு ஆரோக்கியமேரி அக்கா பின்னால் சொன்னார்: “கை மரத்துப்போகுதுன்னுதான் தம்பி கூட்டிட்டுப் போனேன். ‘மகனுக்கு வேலை நேரம், நாளைக்கு வருவோம்’னு எந்திரிச்சு வந்துட்டாக. நான் சொல்லியும் கேக்கல.”

எத்தனையோ பேரைக் கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனவர்கள். மறுநாள் காலை வலப்பக்கம் இழுத்துவிட்டது, பேச்சும் போனது. ஒன்பது நாள் படுக்கையில் இருந்தார்கள். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர்கள் காதில் விழுந்ததா என்று எனக்குத் தெரியாது.

வண்டி பிடித்து ஓடியவர்களுக்கும், மலையிலிருந்து இறங்கி வந்து அழுதவர்களுக்கும் எங்கள் நன்றி. அலுவலகத்தில் இதையெல்லாம் சொல்லி, ஏற்பாட்டை மாற்றக் கேட்டேன். பார்க்கலாம் என்றார்கள். நானும் அங்கேதான் இன்னும் வேலை பார்க்கிறேன்.

ஒன்பது நாளும் அம்மாவின் தலைமாட்டில் இருந்த ஆரோக்கியமேரி அக்காவுக்கு நன்றி சொல்ல எனக்குத் தகுதியில்லை. அவருக்கும் இப்போது அதே மருத்துவமனை. டோக்கனுக்குக் கொடுத்திருப்பது திருப்பூரில் இருக்கும் மகனின் எண். உங்கள் எண்ணுக்கே மாற்றித் தருகிறேன் என்றேன்.

“வேணாம் தம்பி, எனக்கு அதெல்லாம் பாக்கத் தெரியாது. அவன் சும்மா இருக்குற நேரமாப் பாத்துக் கேட்டுக்கிருவேன்” என்றார்.