உர்ஷுலா உடைத்த கதவுகள்

உர்ஷுலாவின் முன்பற்கள் இரண்டும் கட்டிய பற்கள். கரி அள்ளும் இரும்பு முறத்தால் ஒருவன் முகத்திலேயே அறைந்ததில் சொந்தப் பல் போய்விட்டது. அவனைக் கீழே தள்ளி, நெஞ்சில் முழங்காலை ஊன்றிக்கொண்டு, வாயில் ரத்தம் வழிய வழிய அபராதச் சீட்டு எழுதினாள். நான் அவளுக்கு வண்டி ஓட்டியவன். நகரக் காவலில் எங்கள் வேலை, குளிர்காலத்தில் வீடு வீடாகப் போய், அடுப்பைத் திறந்து, உள்ளே என்ன எரிகிறது என்று பார்ப்பது. திருடனைத் தேடிப் போகிற போலீஸ்காரனுக்குக்கூட எங்கள் ஊரில் ஒரு கோப்பை தேநீர் கிடைக்கும். எங்களுக்கு வெந்நீர்தான், அதுவும் தலையில்.

அவளுடைய அப்பா ரப்பர் பூட்ஸ், சாயம் பூசிய பலகை என்று கையில் கிடைத்ததையெல்லாம் எரித்தவர். பிள்ளைகள் இருமினால் அடுப்புக் கம்பியாலேயே அடிப்பார். அவரை வெறுத்த மாதிரியே அவள் புகையையும் வெறுத்தாள். எனக்கு அதில் தப்பொன்றும் தெரியவில்லை. அப்பா செத்ததும் வீடும் அந்த அடுப்பும் அண்ணன் அலோய்ஸுக்கு வந்தன. அண்ணனிடமிருந்து அந்த அடுப்பைப் பிடுங்கிவிட வேண்டும், அவனாவது இன்னும் நாலு வருஷம் உயிரோடு இருக்க வேண்டும் என்பதுதான் அவளுக்கு ஒரே வெறி.

புது வருஷத்திலிருந்து பழைய கரி அடுப்புகள் கூடாது என்று மாகாணம் கெடு வைத்திருந்தது. கெடுவைத் தள்ளிப்போடலாமா என்று நகர மன்றம் யோசித்துக்கொண்டிருந்தது. மாகாணத்திலிருந்து செவெரின் என்று ஒரு பொருளாதார நிபுணர் வந்து அட்டவணை போட்டுக் காட்டினார். ஒரு பக்கம் புகையால் போகும் உயிர்கள், மறுபக்கம் அடுப்பை மாற்ற ஆகும் செலவு. உர்ஷுலா அதை மனப்பாடம் செய்து வாசல் வாசலாக ஒப்பித்தாள்.

அலோய்ஸ் ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளி. வருஷா வருஷம் கரி இலவசமாக வீட்டுக்கே வந்துவிடும்.

"முப்பது வருஷம் பூமிக்குள்ள எலி மாதிரி கெடந்ததுக்குக் குடுக்கறாங்கடி இந்தக் கரிய. இத முற்றத்துல கொட்டி வெச்சுட்டு கேஸுக்கு காசு கட்டச் சொல்றியா? என் பென்ஷன்ல பாதி போயிரும்."

"பென்ஷன் வாங்க மொதல்ல உசுரோட இருக்கணும்ணே."

"மாசக் கடைசியில சோத்துக்கு உன் வீட்டு வாசல்ல வந்து நிக்கவா?"

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அவளிடம் அதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

சுரங்கத்தைக் காக்கும் புனித பார்பராவின் திருநாள் வந்தது. சுரங்கக்காரர்கள் இறகு வைத்த தொப்பியோடு அலோய்ஸின் முற்றத்தில் பீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். உர்ஷுலா சீருடையில் உள்ளே நுழைந்தாள், எரிக்கக் கூடாத சாயம் பூசிய பலகைத் துண்டை அடுப்பிலிருந்து பாதி எரிந்தபடி எடுத்து வந்தாள், எல்லார் முன்னாலும் அண்ணனுக்கு அபராதம் எழுதினாள். அவன் அவள் கன்னத்தில் ஓங்கி அறைந்தான். அவள் தலையால் முட்டியதில் அவன் மூக்கு உடைந்தது.

"பாத்துக்க!" என்று ரத்தத்தைத் துப்பிவிட்டுக் கத்தினான். "இனிமே என் வீட்டுல இருந்து ஒரு பொட்டுப் புகை வந்தா என்னை நாயேன்னு கூப்புடு!"

அதற்குப் பிறகு உண்மையிலேயே புகை வரவில்லை. பனி கொட்டியது, அவன் புகைபோக்கி மட்டும் சுத்தமாக நின்றது. "திருந்திட்டான், பாத்தியா?" என்று உர்ஷுலா வண்டியில் பாட்டே பாடினாள். நானும் நம்பினேன். வடிகட்டின முட்டாள்கள் நாங்கள்.

முற்றத்தில் அவன் நாய் ஓயாமல் ஊளையிடுவதாக அக்கம்பக்கத்தார் கூப்பிட்டார்கள். கோடாலியால் கதவைப் பிளந்தோம். அலோய்ஸ் நாற்காலியில் உட்கார்ந்தபடியே செத்திருந்தான், கன்னம் இரண்டும் செக்கச் செவேலென்று. புகை வெளியே தெரியாமலிருக்கப் புகைபோக்கியின் தகட்டை இழுத்து மூடியிருந்தான். சூடு போகாமலிருக்கச் சுவரின் காற்றுத் துளையில் கோட்டைத் திணித்திருந்தான். அடுப்பின் நச்சு முழுவதும் அந்த அறைக்குள்ளேயே தங்கிவிட்டது. உர்ஷுலா கோடாலியைத் திருப்பிப் பிடித்து, அடுப்பு செங்கல்தூளாகும்வரை அடித்தாள். கிட்டே போயிருந்தால் என் மண்டையும் உடைந்திருக்கும்.

நகர மன்றக் கூட்டத்தில் அவன் சாவுக்காகவே அடிதடி நடந்தது. "சட்டம்தான் கொன்னுச்சு!" என்றது ஒரு கூட்டம். "அடுப்புதான் கொன்னுச்சு!" என்றது மற்றது. நாற்காலிகள் பறந்தன. உர்ஷுலா இரண்டு கூட்டத்தையும் முழங்கையால் இடித்துக்கொண்டு மேடையேறி செவெரினின் கழுத்துப்பட்டையைப் பிடித்தாள்.

"சொல்லுங்க சார். எங்கண்ணன எந்தப் பக்கத்துல எழுதுவீங்க? புகையிலயா, செலவுலயா?"

அவர் திணறினார். ஆனாலும் அந்த மனுஷன் பொய் சொல்லவில்லை. "ரெண்டுலயும் வரலம்மா. இது விபத்துக் கணக்கு. எங்க அட்டவணையில அதுக்கு எடமே இல்ல."

"மூக்க ஒடைச்சது நானு. அவனுக்குப் புகை வாடையே தெரிஞ்சிருக்காது. அதையாவது எங்கயாச்சும் எழுதுங்க!" என்று அவரை மேசைமேல் தள்ளினாள். மேசை கவிழ்ந்தது. நாங்கள் நாலு பேர் சேர்ந்து அவளை வெளியே இழுத்து வந்தோம். உள்ளே ஓட்டெடுப்பு நடந்தது. கெடு அப்படியே இருக்கும், புது அடுப்புக்கான உதவித்தொகை அடுத்த வருஷக் கடைசியில்தான் வரும் என்று முடிவானது. கன்னத்தில் அறைந்துவிட்டு அடுத்த வருஷம் மருந்து தருகிறேன் என்கிற கதை. எனக்கு வந்த கோபத்தில் வண்டிக் கண்ணாடியை நானே குத்தி உடைத்தேன்.

மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பினோம். தெருவில் பாதி வீடுகள் கரும்புகை கக்கிக்கொண்டிருந்தன. ஒரு வீட்டின் முன் பழக்கத்தில் வண்டியை நிறுத்தினேன்.

"இது வேணாம், புகை வெளிய வருது. போ," என்றாள் உர்ஷுலா.

கோடியில் ஒரு வீட்டுப் புகைபோக்கியில் புகையே இல்லை. கூரையில் பனி கலையாமல் கிடந்தது. வண்டி நிற்பதற்குள் அவள் குதித்து ஓடினாள். தட்டவில்லை, கூப்பிடவில்லை, தோளால் மோதிக் கதவைப் பெயர்த்தாள். உள்ளே கிழவர் ஒருவர் காற்றுத் துளையில் போர்வையை அடைத்துவிட்டு அடுப்போரம் தலை தொங்க உட்கார்ந்திருந்தார். உர்ஷுலா ஜன்னலை முஷ்டியால் உடைத்து அவரைப் பனிக்கு இழுத்துப் போட்டாள். குளிர் பட்டதும் அவர் கண் விழித்தார். சீருடையைப் பார்த்ததும் கைக்கு எட்டிய பால்வாளியை எடுத்து அவள் நெற்றியில் அடித்தார்.

"அபராதமா போட வந்த, பேயே!"

அவள் நகரவில்லை. நெற்றியிலிருந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. அவர் பக்கத்திலேயே மண்டியிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"அடிங்க தாத்தா. நல்லா மூச்சு விட்டு அடிங்க."