கிறிஸ்டினாவின் ஆறு வருடம்

ஊரப்பாக்கம் ஸ்டேஷன் பக்கத்து பிரவுசிங் சென்டரில் கிறிஸ்டினாவின் ரெஸ்யூம் இரண்டாயிரத்துப் பதினெட்டோடு நின்றுவிட்டது. அதுவரை தாம்பரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் ஒன்பது வருட வேலை. அந்த வருடம்தான் கால் டாக்சி ஓட்டிக்கொண்டிருந்த கணவன் சாலமன், ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரி இடித்து, முதுகெலும்பில் அடிபட்டுப் படுக்கையில் விழுந்தான். அன்று வேலையை விட்டவள்தான்.

சென்டர் வைத்திருந்த ஜெபின் அவள் நல்லதுக்காகத்தான் சொன்னான்.

"ஆறு வருஷம் கேப் இருந்தா எடுத்துக்கூடப் பாக்க மாட்டாங்கக்கா. பழைய லேப்லயே போன மாசம் வரைக்கும் இருந்தீங்கன்னு போட்டுடறேன்."

அந்த லேப் மூடி வெகுநாளாகிறது. யாரும் போய்க் கேட்கப்போவதில்லை. கிறிஸ்டினா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பிரிண்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

சாலமன் இப்போது வாக்கர் பிடித்துச் சமையலறை வரை நடக்கிறான். தாளை இரண்டு தடவை படித்தான். அவன் கேட்கும் முன்பே, எல்லோரும் இப்படித்தான் போடுகிறார்கள் என்று அவளே சொன்னாள்.

"இதுல பார்த்தா நான் படுக்கவே இல்ல கிறிஸ்டி. நீ என்னைத் தூக்கி உக்கார வச்சதும் இல்ல."

"வீட்டுல செஞ்சதை யாருங்க வேலைன்னு எடுத்துப்பாங்க?"

அவன் பேனா கேட்டான். தாளின் பின்பக்கம் எழுத ஆரம்பித்தான். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைத்தது, சிறுநீர்க் குழாயைச் சுத்தமாக வைத்திருந்தது, பிரஷரும் சுகரும் பார்த்து தினமும் நோட்டில் குறித்தது, கால்களுக்குப் பயிற்சி கொடுத்தது. ஆறு வருடத்தில் ஒரு படுக்கைப்புண்கூட வரவில்லை என்பதை எழுதி அடிக்கோடிட்டான். படித்துவிட்டுக் கிறிஸ்டினா சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுச் சும்மா நின்றாள்.

விசாரித்துக்கொள்ள, தெரிந்தவர்கள் என்று ரெஸ்யூமில் இரண்டு பெயர் வேண்டியிருந்தது. ஒன்று பழைய லேப் டாக்டர். இன்னொன்றாகச் சாலமன் தன் பெயரையே போட்டான். உறவு என்ற இடத்தில் 'நோயாளி' என்று எழுதினான். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். பெயரை எடுக்க மாட்டேன் என்றுவிட்டான்.

பொய்த் தேதிகளை எடுத்துவிட்டு, சாலமன் எழுதியதைக் கடைசிப் பக்கமாகச் சேர்த்து ஐந்து இடத்துக்கு அனுப்பினாள். நாலு இடத்திலிருந்து பதிலே இல்லை. ஐந்தாவது, தாம்பரத்தில், படுக்கையில் இருப்பவர்களின் வீட்டுக்கே போய் ரத்தம் எடுக்கும் லேப்; நேரில் வரச் சொன்னார்கள். மேனேஜர் காந்திமதி படிப்பு, சான்றிதழ் எதையும் கேட்காமல் கடைசிப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவள் எதிரிலேயே சாலமனுக்குப் போன் போட்டார். அந்தப் பக்கம் என்ன பேச்சு என்று கிறிஸ்டினாவின் காதில் விழவில்லை. இவர் 'ம்' கொட்டுவது மட்டும் நீண்டுகொண்டே போனது.

போனை வைத்துவிட்டுக் கேட்டார்.

"அவர் எழுந்து நின்ன அன்னிக்கு, மாடிக்குப் போய் உக்காந்து அழுதீங்களாமே?"

கிறிஸ்டினா தலையைக் குனிந்துகொண்டாள்.

"திங்கக்கிழமை காலைல ஆறு மணிக்கு வந்துடுங்க."

வேலை கிடைத்த சந்தோஷத்தைச் சொல்லும் முன்பே, வீட்டுக்கு வந்ததும், அதையெல்லாமா போய்ச் சொல்வார்கள் என்று சாலமனிடம் சண்டை பிடித்தாள்.