வெள்ளைத் துணி துவைக்கும் நாள்

எங்கள் அபார்ட்மெண்டில் யாராவது வீட்டை விற்கப் பார்க்கிறார்கள் என்றால் மொட்டை மாடிக்குப் போனாலே தெரிந்துவிடும். எல்லாக் கொடியிலும் வெள்ளைத் துணி தொங்கும். வீடு பார்க்க ஆள் வருவதற்கு முந்தின நாள் போர்வெல் மோட்டாரை நிறுத்திவிட்டு, தரைக்கடித் தொட்டியான சம்ப்பை லாரித் தண்ணீரால் நிரப்புவது வழக்கம். அன்றைக்குக் குழாயில் மஞ்சள் தண்ணீர் வராது. விற்கிறவர் லாரியை வரவழைப்பார், மற்றவர்கள் துணி துவைத்துக்கொண்டு வாயை மூடிக்கொள்வார்கள். நாங்களும் அப்படியொரு நாளில் பார்த்து, ஏமாந்து வாங்கியவர்கள்தான்.

அம்பத்தூரில் எங்கள் பின்சுவருக்கு அப்பால் ஒரு முலாம் பூசும் பட்டறை. அதன் கழிவு நிலத்தில் இறங்கி எங்கள் போரில் ஏறியிருக்கிறது. தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்தபோது குரோமியம் என்று வந்தது. குடிக்க கேன் வாங்கலாம். குளிக்க? மகளுக்குக் கழுத்திலும் முழங்கை மடிப்பிலும் தோல் வெடித்துப் புண்ணாகிவிட்டது. தண்ணீரை மாற்றுங்கள் என்றார் டாக்டர், ஏதோ சோப்பை மாற்றச் சொல்வது போல. எனக்குக் கோபம் தலைக்கேறியது. வீட்டை விற்றால்தான் மாற்ற முடியும்.

போன மாதம் எங்கள் முறை வந்தது. லாரிக்காரர் ஹோஸை இறக்கிக்கொண்டே சிரித்தார்.

"இன்னா மேடம், நாளைக்கு ஊடு பாக்க ஆளு வர்றாங்களா? கவலிய வுடுங்க, ஃபுல்லா ரொப்பிட்டுத்தான் போவேன்."

வெட்கமாக இருந்தது. இருந்தாலும் ஒரு லோடு போதுமா என்றுதான் கேட்டேன்.

வந்தவர்கள் இளம் தம்பதி. அவளுக்கு ஏழாம் மாதம். மூச்சு வாங்க மாடியேறி வந்தவள் நேரே சமையலறைக் குழாயைத் திறந்து, கையில் பிடித்துக் குடித்தாள்.

"தண்ணி நல்லா இருக்குக்கா. இதுக்காகவே எடுக்கலாம்."

என் கணவர் என்னைப் பார்த்தார். பேசாதே என்று அர்த்தம். பேசாமலிருக்கத்தான் நானும் நினைத்திருந்தேன்.

"இது லாரித் தண்ணிம்மா," என்றேன். "போர் தண்ணியில கெமிக்கல் கலந்திருக்கு. வாங்காதீங்க."

அவர்கள் நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். கணவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை.

"அந்தக் குழந்தையைக் காப்பாத்திட்ட. நம்ம பொண்ணு?"

உள்ளறையில் மகள் சொறிந்துகொள்ளும் சத்தம் கேட்டது. அவர் எழுந்துபோய்க் காலண்டரைப் பார்த்தார்.

"அடுத்த வாரம் வேற ஒருத்தர் வர்றார். அன்னைக்கு நீ உங்க அக்கா வீட்டுக்குப் போயிடு."

போகிறேன் என்றேன்.