ஆறு போயா, ஆறு வினாத்தாள்

வேலணைப் பரமலிங்கம் ஊர்காவற்றுறைக் கோட்டில் ஓர் அப்புக்காத்தரிடம் பத்து வருடமாகக் கிளாக்கர். வழக்கு முழுவதையும் எழுதுவது பரமலிங்கம். அடியில் கையெழுத்து வைப்பதும் கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு எழும்பிப் பேசுவதும் அப்புக்காத்தர். பத்து வருடம் இதைப் பார்த்துக்கொண்டிருந்தால் எவனுக்கும் ஆசை வரும். பரமலிங்கத்துக்கும் வந்தது. எண்பத்திரண்டில் கொழும்புக்குப் போய்ச் சட்டக் கல்லூரி அனுமதிப் பரீட்சை எழுதினான்.

நூறு கேள்வி, இரண்டு மணித்தியாலம். காணி உறுதி வாசித்துப் பழகின கண்ணல்லவா? எல்லையும் பரப்பும் பிசகக் கூடாதென்று ஒவ்வொரு கேள்வியையும் மூன்று தரம் வாசித்தான். எழுபத்தேழாம் கேள்வியில் நிற்கும்போது மணி அடித்துவிட்டது. மிச்சம் இருபத்துமூன்றையும் அவன் கண்ணாலும் காணவில்லை.

அடுத்த வருடம் ஆடிக் கலவரம். அதற்குப் பிறகு கொழும்புப் பக்கம் போக ஊரில் ஒருவரும் துணியவில்லை. அப்படியிருந்தும் எண்பத்துநான்கில் மறுபடி விண்ணப்பம் போட்டான். பரீட்சை ஐப்பசியில்.

இந்தமுறை கையில் ஆயுதம் இருந்தது. அப்புக்காத்தரின் பெறாமகன் கொழும்பிலிருந்து பழைய வினாத்தாள்கள் ஆறு பிரதி எடுத்து அனுப்பியிருந்தான். விடைகள் வேறு தாளில். அறுபது எடுத்தால் நம்பலாம் என்று ஒரு துண்டும் வைத்திருந்தான். ஆறுக்கு மேல் ஏழாவது தீவுப்பகுதி முழுவதும் தேடினாலும் கிடையாது.

மனைவி இராசேஸ்வரி கலியாணத்துக்கு முன் தொண்டராசிரியையாக இருந்தவள். ஆறையும் வாங்கி அலுமாரி லாச்சியில் வைத்துப் பூட்டினாள்.

"காணாத பேப்பரிலைதான் நேரம் பழகலாம். ஒருக்கால் கண்டால் அது செத்த பேப்பர். மாதத்துக்கு ஒண்டுதான் தருவன்," என்றாள்.

போயாவுக்குப் போயா என்று ஏற்பாடு. பூரணை நாளென்று அன்றைக்கு நாட்டுக்கே விடுமுறை, கோடும் பூட்டு. காலை எட்டு மணிக்கு அவள் மேசையில் மணிக்கூட்டை வைத்து ஒரு தாளை எடுத்துக் கொடுப்பாள். பத்து மணிக்குப் பறித்துக்கொண்டு போய்க் குசினி வாசலில் இருந்து சிவப்புப் பேனையால் திருத்துவாள்.

சித்திரைப் போயாவில் நாற்பத்தெட்டு. வைகாசியில் நாற்பத்துநாலு.

மாமனார் ஐயாத்துரை இல்லாவிட்டால் இது புருசன் பெண்சாதிக்குள் முடிந்திருக்கும். போயா பின்னேரம் தவறாமல் சைக்கிளில் வந்து, இறங்காமலே படலையில் காலை ஊன்றிக்கொண்டு, "பிள்ளை, எத்தினை?" என்று கேட்பார். கேட்டதை வங்களாவடிச் சந்திக்குக் கொண்டுபோய் இறக்குவார். மறுநாள் பஸ்சுக்கு நிற்பவர்கள் பரமலிங்கத்தைக் கண்டதும், "என்ன தம்பி, இறங்கு முகமோ?" என்றார்கள். மனிதர் கெட்டவரில்லை. வாய்க்குத்தான் படலை இல்லை.

லாச்சித் திறப்புப் பிள்ளையார் படத்துக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். அது அவனுக்கும் தெரியும். ஆனி மாதம் ஒரு நாள் இராசேஸ்வரி கிணற்றடிக்குப் போன நேரம் திறப்பை எடுத்தான். மேலே கிடந்த தாளின் தலைப்பை மட்டும் பார்ப்பதாகத்தான் எண்ணம். தலைப்பைப் பார்த்த கண் முதலாம் கேள்வியையும் பார்த்தது. பிறகு அவன் ஒருநாளும் எட்டாத கடைசிப் பக்கத்துக்குத் தாவி, வாளிச் சத்தம் கேட்குமட்டும் அங்கேயே நின்றது. கடைசி இருபத்தைந்து கேள்வியும் அவனுக்கு மனப்பாடம்.

ஆனிப் போயாவில் அறுபத்தொன்று.

இராசேஸ்வரி திருத்தின தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். "பாத்தியளோ? நேரம் பழகீட்டுது!" என்றாள். அவளுடைய முகத்தில் அந்தச் சிரிப்பைக் கண்டு எவ்வளவோ நாளாகியிருந்தது. சொல்லத்தான் வாயெடுத்தான். அதற்குள் படலையில் சைக்கிள் மணி கேட்டது.

ஏறின மரத்திலிருந்து இறங்குவதற்குத் துணிச்சல் வேண்டும். அவனிடம் அது இல்லை. ஆடியில் அறுபத்தொன்பது, ஆவணியில் எழுபத்தேழு. ஒவ்வொரு முறையும் ஒன்றிரண்டை வேண்டுமென்றே பிழையாக எழுதினான், அளவோடு ஏறவேண்டுமே. கோட்டில் கள்ளச் சாட்சிகளைப் பார்த்துப் பழகினது இதற்கு உதவியது. நடுவில் தன்னையே நம்பவும் தொடங்கினான். உண்மையாகவே வேகம் வந்துவிட்டதோ என்று யோசித்தான். வெட்கக்கேடு!

அந்த ஆவணியில் ஜெர்மனியிலிருந்து இராசேஸ்வரியின் தமையன் குலசிங்கத்தின் கடிதம் வந்தது. ஏஜென்சிக்காரனிடம் ஐப்பசிக்கு ஓர் இடம் பிடித்திருக்கிறான். மச்சான் வருகிறாரா இல்லையா என்று உடனே எழுதவேண்டும். இல்லையென்றால் சித்தப்பாவின் மகனுக்குக் கொடுத்துவிடுவான். பிறகு ஓர் இடம் பிடிக்க அவனால் ஏலாது.

பரமலிங்கம் ஒவ்வொரு நாளும் சைக்கிள் ஓடும் ஊர்காவற்றுறை ரோட்டில் நேவி நின்றது. போன மாதம் அடையாள அட்டையைப் பறித்துவைத்து, இரண்டு மணித்தியாலம் வெயிலில் இருத்தி அனுப்பினார்கள். கிளாக்கராகவே இங்கே கிடந்தால் இன்னும் எத்தனை நாள் வெயிலோடு விடுவார்கள்? சட்டம் படிக்கக் கொழும்பு, அது இல்லையென்றால் ஜெர்மனி. இரண்டில் ஒன்று கைகூடினால் போதும் என்றுதான் அந்த வீடு மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது.

"எழுபத்தேழு எடுக்கிற மனுசனை ஜெர்மனிக்கு அனுப்பிக் கோப்பை கழுவ விடுறதோ? வேண்டாம் எண்டு எழுதப்போறன்," என்றாள் இராசேஸ்வரி.

"புரட்டாதிப் போயா மட்டும் பொறுமன். கடைசிப் பேப்பரையும் பாத்திட்டு எழுதுவம்," என்றான். அடக்கத்தில் சொல்கிறான் என்று அவள் சிரித்தாள்.

ஆறாவது தாளை அவன் தொடவில்லை. பிள்ளையார் படத்துப் பக்கம் திரும்பவும் இல்லை. அதில் அறுபது வந்தால் நடந்ததெல்லாம் அவனோடு போகட்டும். வராவிட்டால் உண்மையைச் சொல்லி ஜெர்மனிக்குப் போவதாகத் தனக்குள் தீர்மானித்திருந்தான்.

போயா அன்று எட்டு மணிக்கு இருந்தான். முதலாம் கேள்வியை மூன்று தரம் வாசித்தான். கூடாதென்று தெரிந்துகொண்டே வாசித்தான், கண் அவன் சொல் கேட்கவில்லை. பத்து மணிக்கு எண்பத்தோராம் கேள்வியில் நின்றான்.

இராசேஸ்வரி இரண்டு தரம் கூட்டிப் பார்த்தாள். நாற்பத்தாறு.

"உடம்புக்கு ஏதும் ஏலாதோ?" என்று கேட்டாள்.

அவன் சொன்னான். ஆனி, ஆடி, ஆவணி மூன்றையும் சொன்னான். திறப்பைச் சொன்னான், வாளிச் சத்தத்தைச் சொன்னான். அவள் பேனையை மூடிக் கீழே வைத்தாள்.

"எனக்கேன் ஒளிச்சனீங்கள்? நாற்பது எண்டாலும் நான் உங்களோடைதானே இருந்திருப்பன். மூண்டு பேப்பரைச் சாகடிச்சுப் போட்டியள். இன்னும் ஒரு மாதம் கிடக்குது. அந்த மூண்டும் இப்ப நீங்கள் காணாமல் கிடந்தால் உங்களை எப்பிடியும் இழுத்துக்கொண்டு போயிருப்பன். இனிக் காணாத பேப்பருக்கு நான் எங்கை போறது?"

"ஜெர்மனிக்கு ஓமெண்டு எழுதும், இராசேஸ். நான் போறன்."

"வேண்டாமெண்டு கடிதம் போட்டு எட்டு நாள்." அவள் திருத்தின தாளைக் கையில் எடுத்தாள். "அண்ணை உடனை எழுதச் சொன்னவர். நீங்கள் பொறுக்கச் சொன்னது அடக்கத்திலை எண்டு நினைச்சன். உங்களை நம்பித்தானே போட்டனான்."

அன்று ஒருவரும் சாப்பிடவில்லை. பின்னேரம் வழக்கம்போலப் படலையில் சைக்கிள் மணி கேட்டது.

"பிள்ளை, எத்தினை?"

பரமலிங்கம் எழும்பினான். அவனைத் தாண்டிக்கொண்டு இராசேஸ்வரி முற்றத்துக்குப் போனாள். கையில் இருந்த தாளை நான்காக மடித்துச் சட்டைக்குள் செருகினாள்.

"எண்பது, அப்பு."

"எண்பதோ! என்ரை மருமோன் அப்புக்காத்துத்தான்!" மனிதர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு மிதித்தார். எதிரே வந்த யாருக்கோ, "எண்பதாம், எண்பதாம்!" என்று அவர் கத்திச் சொல்வது கேட்டது. அந்தக் குரல் வங்களாவடிப் பக்கம் போய்க்கொண்டே இருந்தது.

இராசேஸ்வரி உள்ளே வந்தாள். வெறும் லாச்சியைப் பூட்டி, திறப்பைக் கொண்டுவந்து அவன் கையில் வைத்தாள்.

"இந்தாங்கோ. இனிக் களவாய் எடுக்கத் தேவையில்லை."